ஆயுத பூஜையன்று மாட்டிய சக்கரம்

தெற்கு மாடவீதி, மயிலாப்பூர்
19 அக்டோபர் 1934

ஹார்ட்விக் மோட்டார் கம்பெனி ஒர்க்ஷாப் மேஸ்திரி வலியுல்லா சாகிப் அவர்களுக்கு,

அபயாம்பாள் எழுதுவது. இங்கே நான் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. நேற்றுக் காலை ஏழரை மணிக்கு அது அவ்வளவு நிச்சயமாக இருக்கவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

பிரேக் சரிபார்த்து கிரீஸ் போடுவதற்காக என் பேபி காரைத் திங்கட்கிழமை தங்கள் ஒர்க்ஷாப்பில் விட்டேன். விஜயதசமியன்று எங்கள் பள்ளியில் புதுக் குழந்தைகளைச் சேர்க்கும் நாள், கார் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி ஏழு மணிக்குத் தங்கள் டிரைவர் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னால் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனம், ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி முடிச்சு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஏழேகாலுக்கு அடையாற்றுக்குக் கிளம்பினேன்.

சாந்தோம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பாலம் ஏறினதும் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம். கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கார் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அதே சமயம் என் இடது பக்கத்தில் ஒரு சக்கரம் தனியாக, என்னைவிட வேகமாக, முன்னால் ஓடிப்போவதைப் பார்த்தேன். யாருடைய சக்கரமோ என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினேன். எதிரே நொச்சிக்குப்பத்து மீன்காரி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஓடிவந்த சக்கரத்தைக் காலால் தடுத்து, உருட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். "இன்னாம்மா, வண்டி இங்க கீது, சக்கரம் பாட்டுக்கு எங்கியோ போய்க்கினு கீது" என்றாள். அவளும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் காரைத் தூக்கிப் பிடித்தார்கள். மற்ற மூன்று சக்கரங்களிலிருந்து ஆளுக்கொரு நட்டாகக் கடன் வாங்கி நாலாவதை மாட்டி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் பள்ளிக்குப் போனேன். என் காரின் சொந்த ஸ்பேனரில் கூடச் சந்தனம் காய்ந்திருந்தது. அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம். ஒரே ஒரு காகிதம் வேண்டும். சக்கரம் கழன்றது ஒர்க்ஷாப்பின் தவறு, ஓட்டினவர் தவறு அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்.

காரணம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் என் தகப்பனாருடையது. கடைசி வருஷத்தில் அவருக்குக் கண் மங்கியபோது என்னை ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவர் காலமான பிறகு கார் என் அண்ணா பேரில் இருக்கிறது. அண்ணா சுந்தரராமன் ஹைகோர்ட் வக்கீல், மாம்பலம் தியாகராய நகரில் வீடு. விற்றுவிடத்தான் இருந்தார். நான் மன்றாடினதால் ஒரு நிபந்தனையோடு விட்டுவைத்தார். நான் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் அன்றைக்கே கார் கைமாறும். இப்போது கேஸ் விஷயமாகக் கோயமுத்தூரில் இருக்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி வருகிறார். அதற்குள் அந்தக் காகிதம் என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அபயாம்பாள்


ஹார்ட்விக் மோட்டார் கம்பெனி, மவுண்ட் ரோடு
22 அக்டோபர் 1934

ஸ்ரீமதி அபயாம்பாள் அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் 19ஆம் தேதிக் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கள் கார் ஒர்க்ஷாப்பை விட்டுப் புறப்படும்போது சகல விதத்திலும் நல்ல நிலையில் இருந்ததாக எங்கள் ரிஜிஸ்தரில் பதிவாகியிருக்கிறது. மேற்படி சம்பவம் ரோட்டின் மேடுபள்ளத்தினாலோ ஓட்டும் வகையினாலோ ஏற்பட்டிருக்கலாம் என்பது கம்பெனியின் அபிப்பிராயம். தாங்கள் கேட்கும் விதமான சான்று கொடுப்பது கம்பெனி வழக்கத்தில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எஸ். வலியுல்லா, மேஸ்திரி

பி.கு. அம்மா, தங்களுக்கு ஒரு காயமும் இல்லை என்று படித்ததும் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். இது கம்பெனி எழுதச் சொன்ன வரி அல்ல.


மயிலாப்பூர்
23 அக்டோபர் 1934

வலியுல்லா சாகிப் அவர்களுக்கு,

பின்குறிப்புக்கு வந்தனம். மேலே இருப்பதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

"ஓட்டும் வகை" என்றால் என்ன வகை? பெண்பிள்ளை ஓட்டும் வகையா? எட்டு மாதமாக மழையிலும் வெயிலிலும் அந்தப் பாலத்தின் மேல் தினம் இரண்டு தடவை போய்வருகிறேன். ஒரு கோழிக்குஞ்சு கூட என் காரில் அடிபட்டதில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஆகையால் கோபப்படுவதற்கு முன்னால் காரைச் சோதித்துப் பார்த்தேன். போல்டுகளின் மரை கொஞ்சமும் தேயவில்லை, உடையவில்லை. மேடுபள்ளத்தில் அதிர்ந்து அறுந்திருந்தால் மரை நசுங்கியிருக்கும். நட்டுகள் தாமாகச் சுழன்று சாவகாசமாக இறங்கிப் போயிருக்கின்றன. மற்ற மூன்று சக்கரங்களில் நட்டைக் கழற்ற, இரண்டு ஆண்பிள்ளைகள் மாறி மாறி ஸ்பேனரை அழுத்த வேண்டியிருந்தது. ஆகவே முடுக்கத் தெரியாத ஒர்க்ஷாப் அல்ல உங்களுடையது. அந்த ஒரு சக்கரத்தை மட்டும் யாரோ முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இதற்குமேல் ரிஜிஸ்தர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

இங்கே மாடவீதியில் கதை வளர்ந்துகொண்டு வருகிறது. வெள்ளிக்கிழமை நான் பாலத்துச் சுவரில் மோதினேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் விழுந்தேன். நேற்றுக் கோயிலில் ஒரு மாமி என் கையைத் தொட்டுப் பார்த்து, "நோக்கு நீச்சல் தெரிஞ்சிருந்ததோ பொழைச்சயோ" என்றாள். அண்ணா வருவதற்குள் நான் வங்காள விரிகுடாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

காகிதம் வேண்டும்.

அபயாம்பாள்


ராயப்பேட்டை
25 அக்டோபர் 1934

அம்மா அவர்களுக்கு,

இதைக் கம்பெனித் தாளில் எழுதவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கள் கடிதத்தை என் மனைவி அன்வரி பேகம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நீச்சல் விஷயம் வந்தபோது சிரித்தாள். "ஓட்டும் வகை" என்று வந்த இடத்தில் சிரிக்கவில்லை. "இத நீங்களா எழுதுனீங்க" என்றாள். கம்பெனி எழுதியது என்றேன். "கையெழுத்து யாரோடது" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நன்றாக ஓட்டுகிறவர் என்பது எனக்குத் தெரியும். வண்டியைத் திறந்து பார்க்கிறவனுக்கு ஓட்டுகிறவரின் கை தெரிந்துவிடும். தங்கள் கியர்ப் பற்களைப் போலச் சேதமில்லாத பற்கள் எங்கள் ஷெட்டுக்கு வருகிற வண்டிகளில் மூன்றோ நாலோதான்.

மரையைப் பற்றித் தாங்கள் எழுதியது சரி. இதற்குமேல் நான் எழுதுவது சங்கடம். எங்கள் துரை கண்டிப்பானவர். தவறு எங்களுடையது என்று ஒரு வரி எழுத்தில் போனால், யாருடைய கை என்று கேட்பார். பேர் தெரிந்த அன்றே அந்த ஆளுக்கு வேலை இல்லை. போன வருஷம் ஒருவனை அப்படித்தான் அனுப்பினார். இந்த ஆள் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறவன், குடும்பஸ்தன்.

தயவுசெய்து பேர் கேட்காதீர்கள். இனிமேல் தங்கள் காரை என் கையாலேயே பார்த்துக்கொடுக்கிறேன். தங்கள் அண்ணாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லவும் தயார். எழுத்தில் மட்டும் வேண்டாம்.

வலியுல்லா


மயிலாப்பூர்
26 அக்டோபர் 1934

வலியுல்லா சாகிப் அவர்களுக்கு,

யாருடைய வேலையையும் பறிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் என் வேலையை யார் பார்ப்பது?

மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுப் பள்ளிக்கு டிராம் கிடையாது. ஜட்காவில் போனால் முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் போய்ச்சேரலாம். கார் போனால் பள்ளியும் போகும். பிறகு நான் அண்ணா வீட்டு மாடியில் உட்கார்ந்து மன்னியின் ஜாக்கெட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பதினாறு வயதில் கணவரை இழந்தவள். இந்தத் தெருவில் நான் எதிரே நடந்து வந்தால், சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரில் வந்தால் ஹாரன் அடிப்பேன், அவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் எனக்கு வேண்டியிருக்கிறது.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு மணிக்கு உங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தேன். காரில்தான் வந்தேன், புது நட்டு போட்டாகிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெயாக ஒருவர் வந்து, "மேஸ்திரி தொழுகைக்குப் போய்கீறாரும்மா" என்றார். வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தோன்றவில்லை. வந்ததற்கு அவரிடமே பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆயுத பூசை அன்னிக்கு மூணு மணிக்கே எல்லாத்தையும் கழுவி சாமி படத்தாண்ட வெச்சிட்டோம்மா. வெளிய ஒரு ஸ்பேனர் கெடையாது. உன் வண்டிப் பொட்டியில இருந்த சாமானுக்குக்கூட சந்தனம் பூசி, திரும்ப அந்தப் பொட்டியிலயே வெச்சிட்டோம். வெச்சத மறுநாள் பூசை பண்ணிட்டுத்தான் தொடணும்."

"அப்போ என் சக்கரத்தை யார் மாட்டினா?" என்று கேட்டேன்.

"அத்தாம்மா எங்களுக்கும் தெர்ல. நாங்க பதினோரு பேரும் பூசைக்கு ஒக்காரும்போது ஒரு சக்கரம் கீழதான் கெடந்துச்சு. காத்தால வந்து பாத்தா வண்டியே இல்ல."

பதினொரு பேரும் பூஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர் என்று அவரே சொன்னார். கழித்தல் கணக்கு எனக்கு வரும், சாகிப். ஆனாலும் நான் பேர் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

அபயாம்பாள்


ராயப்பேட்டை
28 அக்டோபர் 1934

அம்மா அவர்களுக்கு,

நான்தான்.

இதை எழுதிவிட்டு அன்வரியிடம் படித்துக் காட்டினேன். இப்போது மற்றதை எழுத முடிகிறது.

அன்று மூன்று மணிக்கு ஆட்கள் கைகழுவிப் பூஜைக்குப் போனபோது தங்கள் காரின் பின்சக்கரம் ஒன்றுதான் மாட்ட பாக்கி. பிரேக் வேலை முடிந்திருந்தது. ஏழு மணிக்கு வேண்டும் என்று தாங்கள் மூன்று தடவை சீட்டு அனுப்பியிருந்தீர்கள். நான் தனியாகச் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை விரலால் திருகி, ஜாக்கியை இறக்கினேன். முடுக்கச் சந்தனம் பூசாத ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. இருபது அடி தள்ளிச் சாமி படத்தின் முன்னால் முப்பது ஸ்பேனர் வரிசையாக இருந்தது.

நான் ஒன்றை எடுத்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். மேஸ்திரி நான். ஆனால் அம்மா, ரம்ஜான் மாதம் முழுக்க அந்தப் பதினொரு பேரும் ஷெட்டுக்குள் என் கண்ணெதிரே ஒரு வாய் டீ குடிப்பதில்லை. நான் சொல்லி அவர்கள் செய்வதில்லை. கேட்டால், "இன்னா நைனா, நீ பட்டினி கெடக்க நாங்க குடிச்சா எறங்குமா" என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் சந்தனம் பூசி வைத்ததை என் அவசரத்துக்கு எடுக்க எனக்குக் கை வரவில்லை. காலையில் அவர்கள் பூஜை முடித்து எடுத்துக் கொடுத்ததும் நானே முடுக்கி, நானே அனுப்பலாம், அரை மணி தாமதமானாலும் தாங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஷெட்டில் வேலை முடியாத வண்டியின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். துணியை அவிழ்க்கும்வரை வண்டி நகரக்கூடாது. தங்கள் காருக்கும் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஆட்கள் எல்லா வண்டிகளுக்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்திருக்கிறார்கள். டெலிவரி டிரைவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். துணியையும் பூஜைக்குக் கட்டியது என்று நினைத்து, ஏழு மணி என்று சீட்டில் இருந்ததால், யாரும் வருவதற்கு முன்னால் வண்டியை எடுத்துவிட்டான். ரிஜிஸ்தரில் "சரி" என்று எழுதியதும் அவன்தான். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் எழுதுவான்.

நான் ஏழு மணிக்கு வந்தேன். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடினேன். தங்கள் வீட்டு வேலைக்காரி, "அம்மா போயி பத்து நிமிசமாச்சு" என்றாள். சாந்தோம் வழியாக மிதித்தேன். பாலத்தை நெருங்கினபோது கூட்டம் தெரிந்தது. தாங்கள் நிற்பது தெரிந்தது. நட்டை இப்படித் திருகு, அப்படித் திருகு என்று இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு காயமும் இல்லை.

கிட்டே வந்து சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். பிறகு கம்பெனித் தாளில் தங்கள் மேலேயே குற்றம் சொல்லி எழுதினேன். சக்கரத்தில் செய்தது தவறு. இந்த இரண்டும் கோழைத்தனம். இருபத்திரண்டு வருஷ வேலை ஒரு காகிதத்தில் போய்விடும் என்ற பயம்.

தாங்கள் கேட்ட காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சக்கரத்தை மாட்டியது நான், முடுக்காமல் விட்டது நான், ஓட்டினவர் மேல் எள்ளளவும் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்வரி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தங்கள் அண்ணாவிடம் கொடுங்கள்.

வலியுல்லா


மயிலாப்பூர்
30 அக்டோபர் 1934

சாகிப் அவர்களுக்கு,

உங்கள் காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன். அன்வரி பேகத்தின் கையெழுத்து அழகாக இருந்தது, மனசு வரவில்லை.

பத்து நாளாக இந்தக் காகிதத்துக்காகத்தான் உங்களைப் பிடுங்கி எடுத்தேன். கையில் கிடைத்த பிறகுதான் யோசித்தேன். என் அண்ணா வக்கீல். இதைக் கொடுத்தால் எனக்குக் கார் மிஞ்சும், அவர் கைக்கு ஒரு கேஸ் கிடைக்கும். மறுநாளே உங்கள் துரைக்கு நோட்டீஸ் பறக்கும். ஒழுங்காக ஓட்டினேன் என்று நிரூபிக்க ஒரு மனிதரின் பிழைப்பைச் சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்த நான் தயாராக இல்லை.

கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருக்கிறது. முடுக்காததற்கு இல்லை. பாலம்வரை மூச்சிரைக்க வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அதற்கு. இப்படித் திருகு அப்படித் திருகு என்று அதிகாரம் பண்ணினது அழாமல் இருப்பதற்காக. தெரிந்த முகம் ஒன்று வந்து நின்றிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது என் பங்கு. மூன்று சீட்டு அனுப்பி உங்களை விரட்டினது நான். அந்தச் சிவப்புத் துணியை நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்பாள் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, முடிச்சு தளர்ந்திருக்கிறதே என்று இன்னும் இறுக்கிக் கட்டினேன். வண்டியை நகர்த்தாதே என்று நீங்கள் கட்டின துணியைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தவள் நான். உங்கள் டிரைவரை நான் எப்படிக் குறை சொல்வது?

அண்ணாவுக்குக் கோயமுத்தூர் விலாசத்துக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன். சக்கரம் கழன்றது, பூஜை நாளில் முடுக்காமல் வந்துவிட்டது, அவசரப்படுத்தி வாங்கினதும் ஒரு தடவை சுற்றிப் பார்க்காமல் ஏறினதும் நான், யார் மேலும் பிராது கொடுக்கமாட்டேன், விற்பதானால் விற்கட்டும் என்று. உங்கள் பேர் எழுதவில்லை. தபால்பெட்டியில் போட்ட பிறகு வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். கார் போய்விடும் என்றுதான் தோன்றுகிறது.

அபயாம்பாள்


ராயப்பேட்டை
4 நவம்பர் 1934

அம்மா அவர்களுக்கு,

காகிதம் திரும்பி வந்தது. ஆனால் தாங்கள் அதை அனுப்புவதற்கு முதல் நாளே நான் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தங்களிடம் ஒப்புக்கொண்ட பிறகு அந்த ஷெட்டில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வைத்து ஏசினார். பிறகு, "நீயாக வந்து சொல்லியிருக்காவிட்டால் இன்றோடு சரி" என்றார். ரிஜிஸ்தரில் "சரி" என்பதை அடித்துவிட்டு, நடந்ததை என் கையாலேயே எழுத வைத்தார். இனிமேல் பூஜைக்கு முதல் நாள் சாயங்காலத்துக்குமேல் ஒரு வண்டியையும் ஜாக்கியில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. வேலை இருக்கிறது. அன்வரி அன்றிலிருந்து பாடிக்கொண்டே சமைக்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்றுப் பதினொரு மணிக்குத் தங்கள் அண்ணா ஒர்க்ஷாப்புக்கு வந்தார். தங்களிடம் சொல்லாமல் வந்ததாகச் சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "அன்னிக்குச் சக்கரத்தை மாட்டினது யார்?" என்று கேட்டார். "நான்தான், தப்பு முழுக்க என்னோடது. அந்த அம்மா மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து தங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். "இருவது வருஷமா கோர்ட்டுல நிக்கறேன். தப்பு என்னோடதுதான்னு ரெண்டு கட்சியும் அடிச்சுக்கற கேஸை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு, "பாலத்து மேல அந்த மாதிரி ஆனா வண்டி என்ன ஆகும்?" என்று கேட்டார். பயந்து பிரேக்கை மிதித்தால் வண்டி சுழன்று சுவரில் மோதும் என்றேன். ஸ்டியரிங்கை விட்டால் ஆற்றில் இறங்கும் என்றேன். ஒரு சாணில் நிறுத்துவது எங்கள் டிரைவர்களில் இரண்டு பேரால் முடியும், என்னால் முடியாது என்றேன். இது முகஸ்துதி இல்லை, நிஜம். அவர் தலையை ஆட்டினார். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரை என்ன செய்யப்போகிறார் என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. தங்களைப் போல எனக்கும் தூக்கம் இல்லை.

வலியுல்லா


மயிலாப்பூர்
8 நவம்பர் 1934

சாகிப் அவர்களுக்கு,

தீபாவளி முடிந்து இன்றுதான் எழுத ஒழிந்தது. பட்சணம் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். முறுக்கு கொஞ்சம் கடினம், அன்வரி பேகத்தின் பல் திடமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தீபாவளியன்று அண்ணா, மன்னி ஜானு, குழந்தைகள் எல்லோரும் இங்கே வந்தார்கள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், பேப்பர் படித்தார். நாலு மணிக்கு எழுந்து, "வண்டியை எடு" என்றார். விற்கிற இடத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

அண்ணா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. "பாலத்துக்குப் போ" என்றார். போனேன். பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். "எங்கே?" என்றார். காட்டினேன். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று கீழே தண்ணீரை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பினபோது அவர் கண் சிவந்திருந்தது. கோர்ட்டில் யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"ஏன்டி எனக்குத் தந்தி அடிக்கலை?" என்றார்.

"அடிச்சா காரை வித்துடுவேள்னுதான்" என்றேன்.

அண்ணா காரில் ஏறி உட்கார்ந்து கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை பிடித்த கையை எடுக்கவில்லை. மாட்டுவண்டி குறுக்கே வந்தபோது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார். வாசலில் இறங்கினபிறகு சொன்னார். "திங்கக்கிழமை கோர்ட்டு திறக்கறது. ஒம்பதரைக்கு மாம்பலத்துக்கு வந்து என்னை ஹைகோர்ட்டுல கொண்டு விட்டுட்டு அப்பறம் ஸ்கூலுக்குப் போ. ஒரு மணி லேட்டுன்னு சொல்லிவை."

"நான் ஓட்டியா? வக்கீல்கள்ளாம் வாசல்ல நிப்பாளே" என்றேன்.

"நிக்கட்டும். பாக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றார்.

உள்ளே போனதும் மன்னி என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்தது தனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று காதில் சொன்னாள். அது அண்ணாவுக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

திங்கட்கிழமை பத்து மணி சுமாருக்கு மவுண்ட் ரோடில் உங்கள் ஒர்க்ஷாப்பைத் தாண்டுவேன். நிறுத்த முடியாது, அண்ணாவுக்கு நேரமாகிவிடும். ஹாரன் அடிக்கிறேன்.

அபயாம்பாள்


ராயப்பேட்டை
12 நவம்பர் 1934

அம்மா அவர்களுக்கு,

இன்று பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஹாரன் கேட்டது. இந்தத் தடவை நான் ரோட்டுக்கே வந்து நின்றேன். பின்னாலேயே பதினொரு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். துரையும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தாங்கள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எதிரே டிராம் வந்துகொண்டிருந்தது, திரும்பாமல் ஓட்டினதுதான் சரி. ஆனால் தங்கள் அண்ணா திரும்பினார். ஒரு கையால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கதவிலிருந்து கையை எடுத்து, எங்களுக்கு ஒரு சலாம் வைத்தார்.

வலியுல்லா